ஜியோஜீப்ரா வரைபடங்களுக்கு ஒரே பாணி

அச்சுத்தூரம் பாடத்துக்கு ஜியோஜீப்ராவில் வரைபடம் தயாரிக்கிறீர்களா? நேற்று வரைந்ததில் புள்ளி சிவப்பு, இன்று வரைந்ததில் பச்சை. ஒன்றில் கட்டம் உண்டு, இன்னொன்றில் இல்லை. நமக்கு இது அழகு பற்றிய விஷயம். பிள்ளைகளுக்கு அப்படி இல்லைங்க. நிறம் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். "டீச்சர், இந்தப் புள்ளி வேறயா?" என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் விளக்கிவிடலாம். கேட்காமலே குழம்பி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு?

மென்பொருளே நிறத்துக்குப் பொருள் வைத்திருக்கிறது, கவனித்தீர்களா? காலி இடத்தில் நாம் வைக்கும் புள்ளி நீலமாக வரும்; அதை இழுத்து நகர்த்தலாம். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் உருவாக்கும் புள்ளி கருமையாக வரும். அதை இழுக்க முடியாது. "நீலம்னா இழுக்கலாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டு, அந்த நீலத்தை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

கணினியில் உள்ள ஜியோஜீப்ரா கிளாசிக் 5-இல் இப்படிச் செய்து பாருங்கள்:

1. முதலில் விதியைத் தாளில் எழுதுங்கள். எது என்ன நிறம், எது தடித்த கோடு, எது விட்டுவிட்டு வரும் கோடு? கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் நிறம் போய்விடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் உண்டு. அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கோட்டின் வகையும் மாறட்டும்.

2. வரைவதற்கு முன்பே கருவியைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள பட்டையில் நிறத்தையும் தடிமனையும் மாற்றுங்கள். அதற்குப் பிறகு வரைபவை எல்லாம் அதே பாணியில் வரும். 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'சேவ் செட்டிங்ஸ்' கொடுத்தால், அந்தக் கணினியில் அடுத்த முறையும் அப்படியே இருக்கும்.

3. ஏற்கெனவே வரைந்தவற்றுக்கு 'காப்பி விஷுவல் ஸ்டைல்' கருவி போதும். சரியான பாணியில் உள்ளதை முதலில் கிளிக் செய்யுங்கள். பிறகு மாற்ற வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யுங்கள். அவ்வளவுதான்.

4. அச்சுகளின் அளவை மறக்காதீர்கள். அச்சை இழுத்துவிட்டால் சதுரம் செவ்வகமாகத் தெரியும்; வட்டம் நீள்வட்டமாகிவிடும். நிறம் மாறுவதைவிட இது பெரிய ஆபத்து, ஏனென்றால் படமே தவறான கணிதத்தைச் சொல்கிறது. காலி இடத்தில் வலது கிளிக் செய்து, இரண்டு அச்சுகளின் விகிதத்தை 1:1 ஆக்குங்கள்.

5. கட்டம், எழுத்தளவு, விகிதம் எல்லாம் சரிசெய்த ஒரு வெற்றுக் கோப்பைச் சேமியுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் அதைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து வேலையைத் தொடங்குங்கள்.

அந்த வெற்றுக் கோப்பை உங்கள் பாடக்குழுவிலும் பகிருங்கள். நான்காம் ஆண்டில் பார்த்த அதே பாணியை ஆறாம் ஆண்டிலும் பார்க்கும் மாணவர், படத்தைப் புரிந்துகொள்ள நேரம் செலவழிக்காமல் நேராகக் கணக்குக்குள் போய்விடுவார்.