1963 நவம்பர் 22: கென்னடி செய்தி விழுங்கிய மற்ற செய்திகள்

காலையில் போனைக் கையில் எடுத்ததும் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு நோட்டிஃபிகேஷன் வந்து நிற்கும். பிறந்தவர்கள் நாலு பேர், இறந்தவர்கள் நாலு பேர், ஒரு போர், ஒரு கண்டுபிடிப்பு. பத்து நொடியில் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நவம்பர் 22-க்கான பட்டியலில் மட்டும் முதல் வரி பெரும்பாலும் மாறாது. 1963-ல் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது.

அதே நாளில்தான் காஷ்மீரின் பூஞ்ச் பகுதியில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து, இந்திய ராணுவம், விமானப்படையின் மூத்த அதிகாரிகள் உட்பட 6 பேர் இறந்தார்கள். அதே நாளில்தான் உலகம் முழுக்க வாசிக்கப்படும் இரண்டு ஆங்கில எழுத்தாளர்கள் கண்மூடினார்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம் வெளியானதும் அன்றுதான். இதெல்லாம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு பெரிய செய்தி வந்தால் மற்ற செய்திகள் என்ன ஆகின்றன? அந்த ஒரு நாளை இந்திய நேரப்படி வரிசையாகப் பார்த்தால் ஓரளவு புரியும்.

பூஞ்ச்: ஒரே ஹெலிகாப்டரில் இத்தனை தளபதிகள்

அன்றைய இந்தியாவின் மனநிலையை முதலில் பார்த்துவிடலாம். முந்தைய நாள், நவம்பர் 21 மாலைதான் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் இருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் வானில் ஏறியது. அது அமெரிக்காவின் ‘நைக்கி அப்பாச்சி’ ரக ராக்கெட். அதை ஏவிய குழுவில் ராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாமும் இருந்தார். இன்னொரு பக்கம், சீனா போர் நிறுத்தம் அறிவித்து அப்போதுதான் ஓர் ஆண்டு ஆகியிருந்தது. அந்தப் போரின் காயம் ஆறவில்லை. எல்லையைப் பலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது.

இந்தச் சூழலில்தான் நவம்பர் 22-ல் எல்லைப் பகுதிகளைப் பார்வையிட தளபதிகள் பூஞ்ச் சென்றார்கள். அவர்கள் ஏறியது ‘அலுவெட் 3’ என்ற சிறிய ஹெலிகாப்டர். ஆற்றின் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்த தந்திக் கம்பிகளில் மோதி அது விழுந்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

உள்ளே இருந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் இழப்பின் அளவு தெரியும். ராணுவத்தின் மேற்குப் பிராந்தியத் தலைமைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங், 15-வது கோர் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் பிக்ரம் சிங், விமானப்படையின் மேற்குப் பிராந்தியத் தளபதி ஏர் வைஸ் மார்ஷல் எர்லிக் பின்டோ, 25-வது டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் நானாவதி, 93-வது பிரிகேட் தளபதி பிரிகேடியர் ஓபராய், ஹெலிகாப்டரை ஓட்டிய ஃபிளைட் லெப்டினன்ட் சோதி.

சுருக்கமாகச் சொன்னால், பாகிஸ்தானையும் லடாக்கையும் பார்த்துக்கொண்டிருந்த படையின் மேல்மட்டத்தில் முக்கியமான ஒரு வரிசையே ஒரே நேரத்தில் போய்விட்டது. 1962-ல் லடாக் போர்முனைக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் தௌலத் சிங்கும் பிக்ரம் சிங்கும். 1961 கோவா நடவடிக்கையில் விமானப்படையை வழிநடத்தியவர் பின்டோ. சாதாரண நாளாக இருந்தால் இந்தியப் பத்திரிகைகளில் நாள்கணக்கில் இதுதான் பேச்சாக இருந்திருக்கும்.

இரவு 11 மணி: ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வீடு

இந்திய நேரம் இரவு 11 மணி என்றால் பிரிட்டனில் மாலை 5.30. ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய ஹெடிங்டனில் ‘தி கில்ன்ஸ்’ என்ற தன் வீட்டில் சி.எஸ். லூயிஸ் படுக்கையறையில் சரிந்து விழுந்தார். சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. சிறுநீரகப் பாதிப்பால் பல மாதங்களாக உடல்நலம் குன்றியிருந்தவர். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 65 வயது முடிந்திருக்கும்.

அலமாரிக்குள் நுழைந்தால் பனி கொட்டும் வேறொரு உலகம் வருமே, அந்த ‘நார்னியா’ கதைகளை எழுதியவர் இவர்தான். 2005-ல் வந்த படம் மூலமாகவாவது பலருக்குத் தெரிந்திருக்கும். கல்லூரியில் பேராசிரியராக இருந்துகொண்டே 1950 முதல் 1956 வரை 7 நாவல்களாக அந்தத் தொடரை வெளியிட்டார்.

லூயிஸ் இறந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உலகத்தின் கவனம் டல்லாஸுக்குப் போய்விட்டது. நான்கு நாள் கழித்து, நவம்பர் 26-ல் நடந்த இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவர், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய அவருடைய பழைய நண்பர் டோல்கீன்.

நள்ளிரவு 12 மணி: டல்லாஸ்

டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் அப்போது பகல் 12.30. திறந்த காரில் கென்னடி, மனைவி ஜாக்குலின், மாநில ஆளுநர் கானலி, அவர் மனைவி ஆகியோர் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். டீலி பிளாசா என்ற இடத்தைக் கடக்கும்போது குண்டுகள் பாய்ந்தன. அரை மணி நேரத்தில், பார்க்லேண்ட் மருத்துவமனையில் கென்னடி இறந்ததாக டாக்டர்கள் அறிவித்தார்கள். அப்போது அவருக்கு 46 வயது.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். டல்லாஸில் பகல் 12.30 என்றால் இந்தியாவில் சரியாக நள்ளிரவு 12 மணி. அதாவது அமெரிக்கர்களுக்கு அது நவம்பர் 22. நம் கடிகாரப்படி 22 முடிந்து 23 பிறக்கும் நொடி! ‘வரலாற்றில் இன்று’ பட்டியலில் நாம் போடுவது அமெரிக்கத் தேதி.

நம் ஊரில் காலைப் பத்திரிகைகள் அச்சுக்குப் போகும் நேரமும் அதுதான். பூஞ்ச் செய்தியின் தலைக்கு மேல் கென்னடி செய்தி வந்து இறங்கியது அந்த நேரத்தில்.

நான்கே நிமிடத்தில் எப்படிப் பரவியது?

இன்டர்நெட் கிடையாது, செல்போன் கிடையாது. ஆனாலும் துப்பாக்கிச் சத்தம் கேட்ட நான்காவது நிமிடமே செய்தி வெளியே வந்துவிட்டது. எப்படி?

ஊர்வலத்தில் நிருபர்களுக்கென்று ஒரு கார் ஓடியது. அதில் ஒரே ஒரு ரேடியோ தொலைபேசி. யுபிஐ செய்தி நிறுவனத்தின் மெரிமன் ஸ்மித் முன் சீட்டில், அந்த போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டதும் போனை எடுத்து அலுவலகத்துக்குச் செய்தி சொல்ல ஆரம்பித்தார். பின் சீட்டில் இருந்த போட்டி நிறுவனமான ஏபி-யின் நிருபர் ஜாக் பெல் போனைக் கேட்டார். ஸ்மித் கொடுக்கவில்லை. பெல் முதுகில் குத்தினார். அப்போதும் ஸ்மித் குனிந்துகொண்டு பேசிக்கொண்டே இருந்தார். அடுத்த ஆண்டு ஸ்மித்துக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது.

அதன்பிறகு அமெரிக்க டிவி சேனல்கள் நான்கு நாட்கள் விளம்பரங்களை நிறுத்திவிட்டு இதையே காட்டின. அதிபர் விமானத்துக்குள்ளேயே லிண்டன் ஜான்சன் பதவியேற்றது, ஆஸ்வால்ட் கைது, இரண்டே நாளில் அவரும் நேரலையில் சுட்டுக் கொல்லப்பட்டது என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. வேறு எந்தச் செய்திக்கும் இடமில்லை.

காலை 6.50: அடுத்த அறையில் டிவி

கென்னடி சுடப்பட்டு ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் மாலை 5.20. ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலை எழுதிய ஆல்டஸ் ஹக்ஸ்லி, தொண்டைப் புற்றுநோயால் 69 வயதில் இறந்தார். எல்லோரும் சந்தோஷமாக இருக்க மாத்திரை போட்டுக்கொள்ளும், குழந்தைகள் தொழிற்சாலையில் உற்பத்தியாகும் ஓர் எதிர்கால உலகத்தை 1932-லேயே எழுதியவர். ஈட்டன் பள்ளியில் சில காலம் பிரெஞ்சு ஆசிரியராக இருந்தபோது, பின்னாளில் ‘1984’ எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் அவருடைய மாணவர்.

பேச முடியாத நிலையில், எல்எஸ்டி ஊசி வேண்டும் என்று ஹக்ஸ்லி மனைவி லாராவுக்கு எழுதிக் காட்டினார். அதை எடுக்க லாரா இன்னொரு அறைக்குப் போனார். அங்கே டாக்டரும் நர்ஸும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் உயிருக்குப் போராடும்போது இவர்களுக்கு டிவியா என்று அவருக்கு ஆத்திரம். அடுத்த நொடிதான் கென்னடி கொல்லப்பட்ட செய்தி காதில் விழுந்ததாக லாரா பின்னர் எழுதினார்.

அந்த நாளைப் புரிந்துகொள்ள அந்த அறை ஒன்றே போதும். ஊர் முழுக்க ஒரு சாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டுக்கோ பக்கத்து அறையில் நடப்பதுதான் அந்த நாளின் செய்தி.

அன்று பிறந்தநாள் யாருக்கு?

பட்டியலில் பிறப்பும் இருக்க வேண்டுமே. பிரான்ஸ் அதிபர் சார்ல் டி கோலுக்கு அன்று 73-வது பிறந்தநாள். மூன்று நாள் கழித்து கென்னடியின் இறுதி ஊர்வலத்தில் வாஷிங்டன் வீதியில் நடந்தார். டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்குக்கு அன்று சரியாக 20 வயது. பின்னாளில் 39 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்றார், பெண்களுக்குச் சம பரிசுத் தொகை கேட்டுப் போராடினார். உத்தரப் பிரதேசத்தில் முலாயம் சிங் யாதவ் என்ற இளைஞருக்கு 24 முடிந்தது. பிற்காலத்தில் மூன்று முறை முதல்வர், ஒருமுறை நாட்டின் பாதுகாப்பு அமைச்சர்.

சரி, விழுங்கப்பட்ட செய்திகள் என்ன ஆயின?

சிலது தள்ளிப்போனது, அவ்வளவுதான். பீட்டில்ஸ் கதை அப்படி. ‘வித் தி பீட்டில்ஸ்’ ஆல்பம் பிரிட்டன் கடைகளுக்கு வந்த அதே நவம்பர் 22 காலையில், அமெரிக்காவின் சிபிஎஸ் டிவி இந்தக் குழுவைப் பற்றி ஒரு செய்தித் தொகுப்பு ஒளிபரப்பியது. மாலைச் செய்தியிலும் அதைப் போடுவதாகத் திட்டம். கென்னடி மரணத்தால் தூக்கி வைத்துவிட்டார்கள். டிசம்பர் 10-ம் தேதி அது மறுபடியும் வந்தது. அதைப் பார்த்த ரசிகர்கள் ரேடியோவில் பாட்டுக் கேட்க ஆரம்பிக்க, இரண்டே மாதத்தில் அமெரிக்காவே பீட்டில்ஸ் பைத்தியம் பிடித்து ஆடியது.

பாட்டுக்குத் தாமதம் ஆனால் பரவாயில்லை. உயிர் சம்பந்தப்பட்ட செய்திக்கு? 1968 முதல் 2002 வரை நடந்த சுமார் 5,000 இயற்கைப் பேரிடர்களை ஐசென்சே, ஸ்ட்ரோம்பெர்க் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஒலிம்பிக் போன்ற பெரிய செய்திகள் ஓடும் நேரத்தில் நடந்த பேரிடர்களுக்கு, அமெரிக்க அரசின் நிவாரணம் கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. 2007-ல் வெளியான ஆய்வு இது. வெள்ளம் அதே வெள்ளம்தான், ஆனால் வந்த தேதி சரியில்லை!

இதைத் தெரிந்தே பயன்படுத்துபவர்களும் உண்டு. 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க் கோபுரங்கள் எரிந்துகொண்டிருந்தபோது, பிரிட்டனில் ஓர் அமைச்சரின் ஆலோசகர் சக ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். வெளியில் தெரியாமல் புதைக்க வேண்டிய விஷயம் ஏதாவது இருந்தால் வெளியிட இதுதான் நல்ல நாள் என்பது அதன் சாரம். அது வெளியே கசிந்து பெரிய சர்ச்சையானது. மறு ஆண்டு அவர் பதவி விலக வேண்டியதாயிற்று.

பூஞ்ச் செய்தி? வெளியுலகம் மறந்தாலும் ராணுவம் மறக்கவில்லை. மூத்த தளபதிகள் பலர் ஒரே விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ சேர்ந்து போகக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்த விபத்துக்குப் பிறகு வந்தது. பொதுமக்கள் மத்தியில் அந்தப் பெயர்கள் மறுபடியும் பேசப்பட்டது 58 ஆண்டுகள் கழித்து, நம் நீலகிரியில்.

2021 டிசம்பர் 8. கோவை சூலூரில் இருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே மரங்களுக்கு இடையே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். சிகிச்சையில் இருந்த குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் காலமானார். இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா என்று தேடியபோதுதான் பலருக்கும் 1963 பூஞ்ச் விபத்து தெரியவந்தது.

இன்று நம் போனில் தினமும் ஏதோ ஒன்று டிரெண்டிங்கில் இருக்கிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று விரல் நகர்த்திப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கேயும் யாரோ ஒருவருடைய வீட்டில் அதுதான் தலைப்புச் செய்தி.

ஜம்முவில் ‘பிக்ரம் சௌக்’ என்று ஒரு பரபரப்பான சந்திப்பு இருக்கிறது. தினமும் எத்தனையோ வண்டிகள் அதைக் கடந்து போகின்றன. 1963 நவம்பர் 22-ல் அந்த ஹெலிகாப்டரில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் பிக்ரம் சிங்கின் பெயர்தான் அது.