தலைவருக்கு வரைய வராது... ரசிகர்கள் விட்டாங்களா?

ரசிகர்னு சொன்னா நமக்குத் தெரிஞ்சது கட்-அவுட், பாலாபிஷேகம், முதல் நாள் முதல் ஷோ. ஜப்பானில் ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கு ஒரு ரசிகர் கூட்டம் இருக்கு பாருங்க... அவங்க பால் ஊத்த மாட்டாங்க, பேனாவை எடுப்பாங்க! படம் வரைவாங்க, காமிக்ஸ் புக் போடுவாங்க, கேமில் வர்ற மியூசிக்குக்கு வரிகள் எழுதி சி.டி. வெளியிடுவாங்க, அந்த கேமை வெச்சே இன்னொரு கேமும் பண்ணுவாங்க. இதெல்லாம் தலைவர் பண்ணச் சொல்லி இல்லை. 'பண்ணாதே'ன்னு தலைவர் சொல்லாததால!

கேம் பேரு 'டோஹோ'. தலைவர் பேரு ஜுன்யா ஓட்டா. ரசிகர்களுக்குச் சுருக்கமாக 'ஸுன்'. 1977ல் பிறந்தவர். கேமுக்கு மியூசிக் போடணும்... இதுதான் மனுஷனோட ஆசை. மியூசிக் போடணும்னா முதல்ல ஒரு கேம் வேணுமே? சரி, அதையும் நாமளே செஞ்சுடுவோம்னு இறங்கிட்டார்! அவர் படித்த டோக்கியோ டென்கி பல்கலைக்கழகத்தில் கேம் செய்யும் மாணவர் கிளப் ஒன்று இருந்தது. அங்கே 1996ல் பிறந்ததுதான் முதல் டோஹோ. 1998க்குள் மொத்தம் ஐந்து. எல்லாமே ஜப்பானில் அப்போது ஓடிக்கொண்டிருந்த 'பி.சி.-98' கம்ப்யூட்டருக்கு.

படிப்பு முடிந்ததும் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' புகழ் டைட்டோ கம்பெனியில் வேலை கிடைத்தது. காலேஜோட கேம் ஆசையும் முடிஞ்சுதுன்னுதானே நினைப்போம்? வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் உட்கார்ந்து ஆறாவது கேமைத் தட்டினார். 2002 ஆகஸ்ட்டில் விண்டோஸுக்கு வந்த அந்த கேம்தான் டோஹோவைத் தூக்கி நிறுத்தியது. 'ஷாங்காய் ஆலிஸ் குழு' என்று தன் டீமுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். டீமில் எத்தனை பேர்? ஒருத்தர்! கோடு எழுதுவது, கதை, மியூசிக், ஓவியம் எல்லாமே ஸுன்தான்.

அந்த ஓவியத்தில்தான் விஷயமே இருக்கு. மியூசிக் அட்டகாசம். எதிரி சுடும் தோட்டாக்கள் பூக்கோலம் போல விரிந்து ஸ்க்ரீன் முழுக்க வரும்போது, அந்த இடுக்கில் புகுந்து தப்பிப்பது செம த்ரில். ஆனால் கேரக்டர் படங்கள்? கண்கள் எங்கேயோ பார்க்கும். கை விரல்கள் ஒரு தினுசாக இருக்கும். 'தலைவர் வரைஞ்ச கை' என்பது ரசிகர்களிடையே பல வருஷமாக ஓடும் ஜோக்.

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? 'என் ஹீரோயின் இப்படியா இருப்பா'ன்னு நோட்டை எடுத்து நீங்களே வரைய ஆரம்பிச்சுடுவீங்க. லட்சக்கணக்கானவர்கள் அதைத்தான் செய்தார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெண் ரெய்மு, துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி மரிசா என ஆரம்பித்து இன்றைக்கு நூறுக்கும் மேல் கேரக்டர்கள். ஒவ்வொருத்தருக்கும் கேமில் கிடைப்பது ஒரு படம், ஒரு ட்யூன், நாலு வரி வசனம். அவங்க வீடு எப்படி இருக்கும், சண்டை இல்லாத நாளில் என்ன பண்ணுவாங்க... தலைவர் கொஞ்சம் சொல்லுவார், மிச்சத்தை அப்படியே விட்டுடுவார். எல்லாத்தையும் அழகாக, முழுசாக, கோடி கோடியாகச் செலவழித்துக் காட்டிவிடும் கேம்களுக்கு இத்தனை ஓவியர்கள் கிடைப்பதில்லை என்பது என் கணிப்பு. ரசிகன் உட்கார அதில் இடம் இல்லையே!

அரை டேபிள் சாம்ராஜ்யம்

வரைஞ்சாச்சு. எங்கே காட்டுறது? அதுக்குத்தான் 'காமிகெட்'. 1975 டிசம்பரில் 32 குழுக்கள், சுமார் 700 பேருடன் டோக்கியோவில் தொடங்கிய ரசிகர்கள் சந்தை இது. ஆகஸ்ட்டில் ஒரு முறை, டிசம்பர் கடைசியில் ஒரு முறை நடக்கும். 2019 டிசம்பரில் நான்கு நாளில் வந்தவர்கள் 7 லட்சத்து 50 ஆயிரம் பேர்! ஒரு குழுவுக்குக் கிடைப்பது அரை டேபிள், அதாவது 90 சென்டிமீட்டர் அகலம். அதுவும் குலுக்கலில் பேர் விழுந்தால்தான். தாங்களே அச்சடித்த புக்கை அதில் அடுக்கிவைத்து உட்கார்ந்திருப்பார்கள். பலருக்கு அச்சுக்கூலி கூடத் திரும்பாது.

காமிகெட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கொள்கை. அங்கே 'கஸ்டமர்' என்று யாரும் கிடையாது. விற்பவர், வாங்குபவர், கூட்டத்தைச் சமாளிக்கும் வாலன்டியர் எல்லோருக்கும் ஒரே பெயர்... 'பங்கேற்பாளர்'. ஸுன்கூட தன் கேம்களை இப்படி ஒரு டேபிள் போட்டு விற்றவர்தான். 2004லிருந்து டோஹோவுக்கென்றே தனிச் சந்தையும் நடக்கிறது.

இந்தக் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும்னு பார்க்க ஒரு பாட்டோட ஜாதகத்தைப் பார்ப்போமா?

1998ல் வந்த நாலாவது டோஹோவில், மூன்றாவது ஸ்டேஜுக்கு ஸுன் போட்ட ட்யூன் 'பேட் ஆப்பிள்'. வரிகள் கிடையாது, பழைய கம்ப்யூட்டரின் கீச்சுக் குரல் மட்டும். ஒன்பது வருஷம் கழித்து, 2007ல், 'அல்ஸ்ட்ரோமேரியா ரெகார்ட்ஸ்' என்ற ரசிகர் குழு அதை டான்ஸ் பாட்டாக மாற்றியது. வரிகள் எழுதி நொமிகோ என்ற பாடகியைப் பாடவைத்தார்கள். 2008ல் இன்னொரு ரசிகர், 'இந்தப் பாட்டுக்குப் படம் இப்படி இருந்தா நல்லா இருக்கும், யாராவது வரைஞ்சு குடுங்கப்பா' என்கிற மாதிரி ஒரு கிறுக்கல் ஸ்டோரிபோர்டை 'நிக்கோ நிக்கோ' வீடியோ தளத்தில் போட்டார். முன்பின் தெரியாத யாரோ அதை எடுத்துச் செய்தார்கள். 2009ல் வெளியானது கறுப்பு-வெள்ளை நிழற்பட வீடியோ. மூன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு கேரக்டரின் நிழல் அப்படியே சுழன்று அடுத்த கேரக்டராக மாறும். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது!

அதோட முடியலை. ரெண்டே நிறம் என்பதால் எந்தத் திரையிலும் ஓடும் இல்லையா? இன்ஜினீயரிங் பசங்க குஷியாகிட்டாங்க. சயின்டிபிக் கால்குலேட்டர், லேபில் இருக்கும் ஆசிலோஸ்கோப், 1980களின் நின்டெண்டோ பெட்டி, மைன்கிராப்ட் என எதிலெல்லாம் புள்ளி எரியுமோ அதிலெல்லாம் 'பேட் ஆப்பிள்' ஓட்டிக் காட்டிட்டாங்க.

ட்யூன் போட்டவர், பாட்டாக்கியவர், கிறுக்கியவர், வரைந்தவர், கால்குலேட்டரில் ஓட்டியவர்... ஒவ்வொரு கட்டத்திலும் ஒருத்தர் லெட்டர் எழுதி, பர்மிஷன் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தால்? இந்தச் சங்கிலி ரெண்டாவது கண்ணியிலேயே அறுந்திருக்கும்.

கதவைச் சாத்தினா..?

எல்லாத் தலைவரும் ஸுன் கிடையாது. அதே ஜப்பானில் 1999ல், போகிமான் கேரக்டர்களை வைத்து வயது வந்தோருக்கான காமிக்ஸ் போட்டு விற்ற ஒரு பெண் கைது செய்யப்பட்டார். புகார் கொடுத்தது நின்டெண்டோ. ரசிகர் உலகமே ஆடிப்போனது. அங்கே காப்பிரைட் வழக்கில் உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் குற்ற நடவடிக்கை என்பது வழக்கம். ரசிகர் படைப்புகள் எல்லாமே அந்த 'புகார் கொடுக்காம இருக்காங்களே' என்ற நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. 2018 டிசம்பர் 30ல் சட்டம் மாறியது. அச்சு அசல் திருட்டு காப்பிக்குப் புகார் இல்லாமலே நடவடிக்கை எடுக்கலாம். ரசிகர் காமிக்ஸுக்கு அது பொருந்தாதபடி விதிகளை எழுதினார்கள். பெருமூச்சு விட்டது காமிகெட்!

அர்ஜென்டினாவின் மில்டன் குவாஸ்டி கதை வேற. 1991ல் கேம்பாய்க்கு வந்த 'மெட்ராய்டு 2' மேல் அவருக்குக் காதல். அதைப் புது மெருகோடு திரும்பச் செய்ய ஏறத்தாழ பத்து வருஷம் உழைத்தார். காசு வாங்கவில்லை. மெட்ராய்டின் 30ஆவது பிறந்த நாளான 2016 ஆகஸ்ட் 6ல் இலவசமாக வெளியிட்டார். கேம் சூப்பர்னு உலகமே பாராட்டிக்கொண்டிருந்த சில நாட்களில் நின்டெண்டோவின் நோட்டீஸ் வந்துவிட்டது. டவுன்லோட் லிங்க் எல்லாம் க்ளோஸ். அடுத்த வருஷம் அதே மெட்ராய்டு 2-வுக்கு நின்டெண்டோவே ஒரு புதுப் பதிப்பு விட்டது. சட்டப்படி கம்பெனி பக்கம்தான் நியாயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் பிறந்த நாள் பரிசைப் பிரிச்சுப் பார்த்துட்டு வக்கீல் நோட்டீஸ் குடுத்தா எப்படி இருக்கும்? குவாஸ்டிக்கு அந்த கேமே ரெஸ்யூமே ஆனது தனிக் கதை. 2020ல் வந்த 'ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ்' கேமில் லெவல் டிசைனராக அவர் பெயர் இருக்கிறது.

சேகா கம்பெனி கொஞ்சம் உஷார். சானிக் ரசிகராக சொந்தமாக கேம் செய்துகொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் வைட்ஹெட்டை விரட்டாமல் கூப்பிட்டு வேலை கொடுத்தது. அவரும் சக ரசிகர்களும் சேர்ந்து செய்த 'சானிக் மேனியா' 2017ல் சக்கைப்போடு போட்டது.

டோஹோவிலும் கட்டுப்பாடே இல்லாமல் இல்லை. அதிகாரப்பூர்வப் படைப்பு மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. கம்பெனிகள் வியாபாரமாகச் செய்வதானால் தனியாகக் கேட்கணும். எனக்கு ரொம்பப் பிடித்த கண்டிஷன், கேமின் க்ளைமாக்ஸை வீடியோவில் போட்டுக் காட்டாதீங்க என்பதுதான். கஷ்டப்பட்டு ஜெயிச்சவங்க மட்டும் பார்க்கட்டும்!

இந்தக் கதவு வழியாக வந்த ஒருத்தரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அமெரிக்காவின் டோபி பாக்ஸ். 2008ல், ஸ்கூல் பையனாக இருந்தபோது, 'எர்த்பவுண்ட்' என்ற பழைய நின்டெண்டோ கேமை உடைத்து மாற்றி ஒரு ஹாலோவீன் ஸ்பெஷல் செய்தவர். டோஹோ ரசிகர். 2015ல் அவர் வெளியிட்ட 'அண்டர்டேல்' கேமில், சின்னச் சிவப்பு இதயத்தை நகர்த்தித் தோட்டா மழையில் தப்பிப்போமே... அந்த மழை எந்த ஊர் மேகம்னு இப்போ புரிஞ்சிருக்கும். இன்றைக்கு அண்டர்டேலுக்கு வரையும் ரசிகர்களை எண்ண ஆள் பத்தாது. நின்டெண்டோ தரப்பிலிருந்தே 2019 போகிமான் கேமுக்கு ஒரு ட்யூன் போட டோபியைக் கூப்பிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டோஹோவை ஆடிப் பார்க்கணுமா? பல பாகங்களின் முதல் மூணு ஸ்டேஜை ட்ரையலாக ஸுன் இலவசமாகவே கொடுக்கிறார். ஈஸி லெவலில் ஆரம்பிங்க, கௌரவம் பார்க்காதீங்க. ஹெட்போன் கட்டாயம். மியூசிக்குக்காகத்தானே மனுஷன் கேமே பண்ணினார்!