கார் கண்ணாடியின் உள்பக்கம்: கை எட்டாத இடத்தையும் துடைப்போம்



நம் கூட்டமைப்பில் சில குழுக்கள் கார் கழுவும் தொழிலைச் செய்து வருவது உங்களுக்குத் தெரியும். கொடைக்கானல் மலை ஏறும் வண்டிகள் வந்து போவதால் வத்தலக்குண்டு பக்கம் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது. போன மாதம் ஒரு குழுவுக்குச் சங்கடம் வந்தது. காலையில் கழுவிக் கொடுத்த காரின் டிரைவர் மறுநாள் திரும்பி வந்தார். "வெளியில பளபளன்னுதான் இருக்குக்கா. ஆனா ராத்திரி எதிர்ல லைட் அடிச்சா ஒண்ணும் தெரியல. சைக்கிள்ல வந்த பெரியவரைக் கடைசி நிமிஷத்துலதான் பார்த்தேன்" என்றார். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் கேட்ட நம் சகோதரிகள் ஆடிப் போய்விட்டார்கள்.

நாங்கள் அந்தக் காரில் உட்கார்ந்து, வெளியிலிருந்து செல்போன் டார்ச் அடிக்கச் சொல்லிப் பார்த்தோம். நடுவில் ஈரத்துணி இழுத்த கோடுகள். இரண்டு மூலைகளிலும், டேஷ்போர்டும் கண்ணாடியும் சேரும் இடத்திலும் வெள்ளைப் படலம். கை எட்டாததால் விட்டுப்போன இடம் அது.

உள்ளே ஏன் அழுக்கு சேருகிறது?

வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூடாகி, அதிலிருந்து வரும் ஆவி கண்ணாடியில் பசையாகப் படிகிறது. அதோடு மூச்சுக்காற்று, ஊதுபத்தி, சாம்பிராணி, சிகரெட் புகை, தூசி எல்லாம் சேருகின்றன. பகலில் இது கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் இதில் பட்டுச் சிதறி கண்ணைக் கூசச் செய்யும். அழுக்குக் கண்ணாடியில் பனிமூட்டமும் சீக்கிரம் படியும். மலைப்பாதையில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

தேவையான பொருட்கள்

மைக்ரோஃபைபர் துணி மூன்று (இல்லாவிட்டால் பஞ்சு பறக்காத பழைய வேட்டித் துணி), ஒரு குவளை தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், தனியாக நல்ல தண்ணீர், ஓர் அடி நீள பிளாஸ்டிக் ஸ்கேல், இரண்டு ரப்பர் பேண்ட். அவ்வளவுதான்.

செய்யும் முறை

1. காரை நிழலில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து சூடு ஆறவிடுங்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் உடனே காய்ந்து கோடு விழும்.

2. டேஷ்போர்டை முதலில் துடைத்துவிடுங்கள். கண்ணாடி கடைசி வேலை.

3. முன்கண்ணாடிக்கு டிரைவர் பக்கம் உட்காராதீர்கள், ஸ்டியரிங் இடிக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, புறங்கை டேஷ்போர்டில் படும்படி, உள்ளங்கையை மேலே பார்த்து வைத்துத் துணியோடு உள்ளே தள்ளுங்கள். கை தானாக மூலை வரை போகும்.

4. அதுவும் எட்டாத இடத்துக்கு ஸ்கேலில் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு நுழையுங்கள். தோசைத் திருப்பி போன்ற இரும்புச் சாமான் வேண்டாம், கீறிவிடும்.

5. முதலில் சோப்புத் துணி, அடுத்து நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, கடைசியில் உலர்ந்த துணி. உள்பக்கம் மேலும் கீழுமாக, வெளிப்பக்கம் இடமும் வலமுமாகத் துடையுங்கள். கோடு விழுந்தால் எந்தப் பக்கம் என்று உடனே தெரியும்.

6. கதவுக் கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி, ரப்பருக்குள் மறைந்திருக்கும் மேல் விளிம்பைத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள்.

7. பின்கண்ணாடிக்குப் பின்சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி உட்காருங்கள். அதில் மெல்லிய கம்பிக்கோடுகள் இருந்தால் கோடு போகும் திசையிலேயே மெதுவாகத் துடையுங்கள். குறுக்கே அழுத்தித் தேய்த்தால் கோடு அறுந்துவிடும்.

கவனம் தேவை

தண்ணீரைக் கண்ணாடியில் நேரே தெளிக்காமல் துணியில் தெளியுங்கள். வழிந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் மின்சாமான் கெடும். நடுக்கண்ணாடியைப் பிடித்து இழுக்காதீர்கள், பல கார்களில் அது பசையில்தான் நிற்கிறது. அதன் பின்னால் கேமரா இருந்தால் அதை நனைக்காதீர்கள். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகைச் சுரண்டக் கூடாது. 2021 பிப்ரவரி முதல் கார்களுக்கு அது கட்டாயம். கிழிந்தால் டிரைவர் சுங்கச்சாவடியில் மாட்டிக்கொள்வார். சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு அம்மோனியா கலந்த கிளீனர் ஆகாது. பழைய ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு எடுத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

அந்தக் குழுவின் முடிவு

அந்தச் சகோதரிகள் அன்றே அந்தக் காரைப் பணம் வாங்காமல் மறுபடி துடைத்துக் கொடுத்தார்கள். டார்ச் அடித்துப் பார்க்காமல் இனி எந்த வண்டியையும் விடுவதில்லை என்று தீர்மானமும் எழுதினார்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகிறது. "வெளிப்பக்கம் ஓனர் பார்க்கிறது, உள்பக்கம் டிரைவர் பார்க்கிறது. ரெண்டும் நம்ம வேலைதானே" என்றார் குழுத் தலைவி.

கார் கழுவும் மற்ற குழுக்களும் இதைச் செய்து பார்த்து, அடுத்த மாதக் கூட்டத்தில் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். வீட்டில் கார், வேன் ஓட்டுபவர்கள் இருந்தால் இன்று மாலையே அந்த வண்டியில் ஒரு டார்ச் அடித்துப் பாருங்களேன்!