பிரசவம் எங்கே? ஏழாம் மாதத்திற்குள் முடிவு செய்யுங்கள்!

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம்மவர் வழக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் உள்ள பெருமாட்டி பஞ்சாயத்திலும் அதை ஒட்டிய ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வழக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெண் வாழ்க்கைப்பட்ட வீடு கேரளத்தில். பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கமோ உடுமலைப் பக்கமோ இருக்கும். வளைகாப்பு முடிந்து அவள் எல்லையைத் தாண்டும்போது, அதுவரை பரிசோதித்த டாக்டர் இந்தப் பக்கமே நின்றுவிடுகிறார். பல சமயம் பரிசோதனைச் சீட்டுகளும் பீரோவிலேயே தங்கிவிடுகின்றன. வலி எடுக்கும் நாளில் அவளைப் பார்க்கும் டாக்டருக்கு அவள் யாரோ ஒரு புதியவள்.

இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். அங்கே கூடுதலாக மலைப்பாதை வேறு. நிறைமாதக் கர்ப்பிணியைப் போடிமெட்டு வளைவுகளில் இரவு நேரத்தில் இறக்கிக்கொண்டு போவது லேசான காரியமல்ல.

தாய் வீட்டுக்குப் போகும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கே பிரசவம் என்பதை வலி வந்த பிறகு தீர்மானிக்கக்கூடாது என்பதுதான் விஷயம்.

ஆஸ்பத்திரி வந்த பிறகும்...

2018–20 கணக்குப்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார்கள் இந்தியா முழுவதற்கும் 97 பேர், தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. இரு மாநிலங்களிலும் 100-க்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது.

இருந்தும் விபரீதங்கள் நிற்கவில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய், ரத்தப்போக்கு மிகுந்து ஒரு பெண் இறந்தார். 2025 ஏப்ரலில் மலப்புரம் மாவட்டத்தில் ஐந்தாவது பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொண்ட தாயும் ரத்தப்போக்கால்தான் மாண்டார். முந்தைய பிரசவங்கள் சுகமாக நடந்தன என்பது அடுத்த பிரசவத்துக்கு உத்தரவாதம் ஆகாது. குழந்தை பிறந்த பின் கட்டுக்கடங்காமல் ரத்தம் போனால், இரண்டே மணி நேரத்தில் உயிர் போகக்கூடும்.

தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த இரு அமெரிக்க ஆய்வாளர்கள், 1994-இல் மூன்று தாமதங்களைக் குறிப்பிட்டார்கள். போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். எல்லையோரத்தில் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும். முன்யோசனை இருந்தால் மூன்றையும் குறைக்கலாம்.

எந்த ஆஸ்பத்திரி?

பெருமாட்டிக்காரர்களுக்கு இந்தப் பக்கம் சித்தூர் தாலுக்கா ஆஸ்பத்திரி, பாலக்காடு பெண்கள்–குழந்தைகள் ஆஸ்பத்திரி. அந்தப் பக்கம் பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரி, கோவை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. தனியார் ஆஸ்பத்திரிகள் வேறு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான்கு கேள்விகளை முன்கூட்டியே கேளுங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆபரேஷன் செய்ய முடியுமா? மயக்க மருந்து டாக்டர் உண்டா? ரத்தம் எங்கிருந்து வரும்? பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறினால் பார்க்க டாக்டர் இருக்கிறாரா?

ரத்த அழுத்தம், சர்க்கரை, கடுமையான ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, நஞ்சு கீழிறங்கியிருத்தல், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருத்தல், முன்பு ஆபரேஷன் பிரசவம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் சிறிய ஆஸ்பத்திரி போதாது. தாயின் ரத்த வகை நெகடிவ் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தையின் ரத்தம் பாசிடிவாக இருந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும்.

ஆபரேஷன் என்றால்...

2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 45 பிரசவங்களும், கேரளத்தில் 39 பிரசவங்களும் ஆபரேஷன் மூலம் நடந்தன. இந்திய சராசரி 21 முதல் 22 வரை. ஆபரேஷன் உயிர் காக்கும் வைத்தியம், தேவைப்படும்போது தயங்கலாகாது. குழந்தை குறுக்கே கிடந்தால், நாடித் துடிப்பு தளர்ந்தால், நஞ்சு வழியை மறைத்தால் அதைத் தவிர வழியில்லை.

தேவையில்லாமல் செய்துகொள்வது வேறு விஷயம். ஆறுவதற்கு நாளாகும், அடுத்த பிரசவத்திலும் தழும்பின் ஆபத்து தொடரும். நட்சத்திரம் பார்த்து, ஜோசியர் குறித்த நேரத்துக்கு ஆபரேஷன் கேட்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 39 வாரம் நிறையுமுன் அவசியமின்றி எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுக் கோளாறு அதிகம். "ஏன் ஆபரேஷன்? காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்கும் உரிமை தாய்க்கு உண்டு. ஆனால் அந்தப் பேச்சை எட்டாம் மாதத்தில் பேசிக்கொள்ளுங்கள். பிரசவ அறை வாசலில் நின்று விவாதிக்க நேரம் இருக்காது.

கடிதமும் காகிதமும்

தாய் சேய் நல அட்டை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், முந்தைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டு ஆகிய அனைத்தும் ஒரே பையில் பெண்ணோடு பயணம் செய்ய வேண்டும். அட்டை மலையாளத்தில் இருந்தால், டாக்டரிடம் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லைக்கு அப்பால் பிரசவம் என்று முடிவானால், அங்குள்ள ஆஸ்பத்திரியில் ஒரு முறையாவது முன்கூட்டியே காட்டிப் பதிவு செய்வது அவசியம்.

பிறப்பு எங்கே நிகழ்கிறதோ அங்கேதான் பதிவாகும். பொள்ளாச்சியில் பிறந்த குழந்தைக்குப் பெருமாட்டி பஞ்சாயத்தில் சான்றிதழ் கிடைக்காது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் கர்ப்பகாலப் பதிவு எண்ணையும் கேட்பார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழே. பெயரிலும் முகவரியிலும் எழுத்துப்பிழை இல்லாமல் அன்றே சரிபார்த்துவிடுங்கள்.

பண விஷயம்

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2011-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டப்படி பிரசவம், ஆபரேஷன், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு, வாகனம் எல்லாம் இலவசம். கேரளத்தில் தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுபோய் விட 'மாத்ருயானம்' என்ற ஏற்பாடு இருக்கிறது. தகுதியுள்ள தாய்மார்களுக்கு முதல் குழந்தைக்கு மத்திய அரசு 5,000 ரூபாய் தருகிறது. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டி சேர்த்து 18,000 ரூபாய். எந்த மாநிலத் திட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஆஷா ஊழியரிடமோ கிராம சுகாதார நர்ஸிடமோ கர்ப்பம் பதியும்போதே கேளுங்கள்.

மனைவி சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்தில் வேலை பார்ப்பவரானால், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். மத்திய அரசு ஊழியரான கணவருக்கு 15 நாள் விடுப்பு உண்டு.

கணவன்மார் கவனத்துக்கு

நள்ளிரவில் கூப்பிட்டால் வரக்கூடிய ஒரு வண்டிக்காரர், அதே வகை ரத்தம் கொடுக்க இரண்டு பேர், கையில் கொஞ்சம் பணம், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் – இவற்றை ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. 108-ஐ அழைத்தால் முதலில் மாநிலத்தையும் மாவட்டத்தையும் சொல்லுங்கள். பிறகு ஊரைச் சொல்லலாம். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அரசு ஆஸ்பத்திரிகளில் அனுமதிக்கலாம் என்று 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் கூறியது. அம்மாவோ அக்காவோ அருகில் இருக்க முடியுமா என்று கேட்டு வையுங்கள்.

எந்த மாதமானாலும் ரத்தம் படுதல், கடுந்தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாமியார் வரட்டும், கணவர் வேலை முடிந்து வரட்டும் என்றும் வேண்டாம். யார் இருக்கிறார்களோ அவர்களே அழைத்துப் போகலாம் என்று குடும்பத்தில் இன்றே பேசி வையுங்கள்.

வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே ஆஸ்பத்திரியையும் குறித்துவிடுங்கள். பெண் எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும், அவளை அறிந்த ஒரு டாக்டர் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.