ஆறாவது கட்டம்

விளையாட்டு என்றவுடன் திடலும் வெயிலும் வியர்வையும் நம் நினைவிற்கு வருகின்றன. சீட்டு என்றவுடனோ பெரியோர் முகம் சுளிக்கின்றனர். இவ்விரண்டையும் இணைத்து, காசுக்குச் சிறிதும் இடமின்றி, மரத்தடியில் நான்கு பேர் அரை மணி நேரத்தில் ஆடி முடிக்கக்கூடிய எளிய ஆட்டம் ஒன்று உண்டு. 'டிரம்ப் கார்டு' என்று சிறுவர்கள் அழைக்கும் கிரிக்கெட் சீட்டாட்டமே அது. சிறுவர் ஆட்டந்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. கணிதம் பயிலும் எனக்கு அது வகுப்பறையில் கற்ற சிலவற்றை விளக்கிக் காட்டியது. வகுப்பறையில் கல்லாத ஒன்றையும் எண்ண வைத்தது.

ஒப்பிட்டு வெல்லும் இவ்வகைச் சீட்டுக் கட்டுகள் 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பெரிதும் பரவின. கார், விமானம், கப்பல் என்று பலவற்றுக்கும் கட்டுகள் வந்தன. நம் நாட்டில் கிரிக்கெட் வீரர்களும் மல்யுத்த வீரர்களும் அச்சீட்டுகளில் இடம்பெற்றனர். பள்ளிக்கூட வாசல் கடைகளில் அவற்றை வாங்கிச் சேர்த்தோர் நம் ஆசிரியப் பெருமக்களிலும் இருக்கக்கூடும்.

சீட்டு செய்யும் முறை

கடையில் வாங்க வேண்டும் என்பதில்லை. நானும் வகுப்புத் தோழர் மூவரும் ஒரு கட்டினை நாங்களே செய்து கொண்டோம். கெட்டி அட்டையை 32 சம துண்டுகளாக வெட்டினோம். பழைய திருமண அழைப்பிதழ்கள் இதற்கு உதவா. பின்புறம் வெவ்வேறாக இருந்தால் சீட்டு அடையாளம் தெரிந்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு வீரர் பெயரும், அதன்கீழ் ஐந்து கட்டங்களும் எழுதினோம்: டெஸ்ட் ஆட்டங்கள், ஓட்டங்கள், ஓர் இன்னிங்சில் எடுத்த உச்ச ஓட்டம், மட்டையடிச் சராசரி, விக்கெட்டுகள். ஓய்வு பெற்ற வீரர்களையே தேர்ந்தெடுத்தோம். அவர்களுடைய எண்கள் இனி மாறா. சீட்டைத் திருத்தி எழுதும் தொல்லையும் இல்லை.

ஆடும் முறை

சீட்டுகளைக் கலைத்து ஆளுக்கு எட்டாகப் பகிர வேண்டும். அவரவர் தம் அடுக்கின் மேற்சீட்டை மட்டுமே பார்க்கலாம். முறை வந்தவர் ஒரு கட்டத்தைச் சொல்லி, தம் எண்ணையும் கூறுவார். ஏனையோரும் தத்தம் மேற்சீட்டில் உள்ள அதே கட்டத்தின் எண்ணைக் கூற வேண்டும். பேரெண் உடையவர் நான்கு சீட்டுகளையும் எடுத்துத் தம் அடுக்கின் அடியில் செருகிக் கொள்வார். எண்கள் சமமானால் சீட்டுகள் நடுவில் கிடக்கும். அடுத்த சுற்றில் வென்றவர் அவற்றையும் சேர்த்து அள்ளுவார்.

வென்றவரே மீண்டும் கட்டம் சொல்வது வழக்கமான விதி. அதில் ஒருவர் கையே தொடர்ந்து ஓங்கி, மற்றவர் சோர்ந்து போகின்றனர். ஆகவே கட்டம் சொல்லும் உரிமை வரிசையாகச் சுற்றி வருமாறு மாற்றினோம். அரை மணி முடிவில் மிகுந்த சீட்டு வைத்திருப்பவரே வெற்றி பெற்றவர்.

எதைக் கேட்பது?

நல்ல சீட்டு கிடைத்தால் வெற்றி உறுதி என்று எண்ணுவோர் பலர். மட்டையாளருள் தலைசிறந்தவர் என்று உலகம் போற்றும் பிராட்மன் உங்கள் கையில் இருப்பதாகக் கொள்வோம். 'ஓட்டங்கள்' என்பீர்களாயின் அவருடைய 6,996, கவாஸ்கரின் 10,122-இடமும் டெண்டுல்கரின் 15,921-இடமும் தோற்கும். 'உச்ச ஓட்டம்' என்றால் அவருடைய 334, சோபர்சின் 365-க்கும் லாராவின் 400-க்கும் பணியும். 'சராசரி' என்று சொன்னால் மட்டுமே 99.94 எல்லாரையும் வீழ்த்தும். சீட்டின் வலிமை, கேட்கும் கேள்வியைப் பொறுத்தது.

இங்கே நிகழ்தகவும் நுழைகிறது. ஒரு கட்டத்தில் 32 சீட்டுகளுள் எட்டாம் இடம் பெறும் எண் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதனினும் பெரியவை ஏழு, சிறியவை 24. எதிரில் ஒருவரே இருந்தால், முதற்சுற்றில் வெல்லும் வாய்ப்பு 31-இல் 24. அதாவது நூற்றுக்கு 77. எதிரில் மூவர் இருந்தாலோ மூவரையும் வெல்ல வேண்டும். அந்த வாய்ப்பு நூற்றுக்கு 45 ஆகக் குறைகிறது. அதே எண், அதே சீட்டு. சுற்றி அமர்ந்தவர் தொகை கூடியதால் பாதிக்கும் கீழே போய்விட்டது!

கட்டத்தில் அடங்காதது

எங்கள் கட்டில் யாரும் விரும்பாத சீட்டு ஒன்று இருந்தது. அது பி. எஸ். சந்திரசேகரின் சீட்டு. 58 டெஸ்டுகளில் அவர் எடுத்த ஓட்டங்கள் 167. வீழ்த்திய விக்கெட்டுகள் 242. வீழ்த்திய விக்கெட்டுகளைக் காட்டிலும் குறைவாகவே ஓட்டம் எடுத்தவர்! 'விக்கெட்' என்று யாராவது சொன்னாலொழிய அச்சீட்டு தோற்பது உறுதி. ஆயினும் சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலக்கையாலேயே அவர் பந்து வீசினார் என்பதற்கு எந்தக் கட்டத்தில் இடம்? 1971-இல் ஓவல் திடலில் அந்தக் கையால் 38 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் தொடரை வெல்ல வழி வகுத்தாரே, அதை எங்கே எழுதுவது?

நம் ஸ்ரீகாந்தின் சீட்டும் அவ்வாறே. டெஸ்ட் சராசரி 29.88 என்று அது அடக்கமாகச் சொல்லும். 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரு அணியிலும் மிகுதியாக ஓட்டம் எடுத்தவர் 38 ஓட்டங்கள் எடுத்த அவரே என்பதைச் சொல்லாது.

ஆகவே எங்கள் ஆட்டத்தில் புதிய விதி ஒன்றைச் சேர்த்தோம். அதற்கு 'ஆறாவது கட்டம்' என்று பெயர். தோற்ற சீட்டைக் கொடுக்குமுன், அவ்வீரரைப் பற்றிச் சீட்டில் இல்லாத ஓர் உண்மைச் செய்தியை ஒருவர் கூறலாம். மற்ற மூவரும் ஏற்றால் சீட்டு அவரிடமே தங்கும். ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஒருமுறைதான் இவ்வுரிமை. இவ்விதி வந்தபின், கிரிக்கெட்டே அறியாதிருந்த எங்கள் தோழர் ஒருவர் நூலகத்தில் பழைய விளையாட்டு இதழ்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். இப்பொழுது எங்களுள் மிகுதியாக வெல்பவர் அவரே!

பருவந்தோறும் நம் கைக்கு வரும் மதிப்பெண் பட்டியலும் ஒரு சீட்டுதான். அதில் உள்ள எண்கள் பொய்யல்ல. சந்திரசேகரின் 167-உம் பொய்யல்ல. ஆனால் அருகில் அமர்ந்திருக்கும் தோழனை அவ்வெண்களால் மட்டும் அளந்துவிட்டோம் என்று எண்ணுவதற்கு முன், அவனுடைய ஆறாவது கட்டம் யாது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே! கபடிக்கும் வளைகோற்பந்துக்கும் இத்தகைய கட்டுகளை யாரேனும் செய்தால், ஆட நாங்கள் நால்வரும் ஆயத்தமாக இருக்கிறோம்.