ஒத்தையா... ரெட்டையா?

ரோட்டில் போகும்போது பைக் மக்கர் பண்ணினால் என்ன செய்வீர்கள்? ஓரமாக நிறுத்தி, இரண்டு உதை உதைத்து, நாலு திட்டு திட்டி, மெக்கானிக் கடைவரை தள்ளிக்கொண்டு போவீர்கள். கடலில் அந்த வசதி இல்லை சார்! அங்கே 'ஓரம்' என்று ஒன்றே கிடையாது. என்ஜின் நின்றாலும் படகு நிற்காது. காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்புக்குப் போகும்.

ராமேஸ்வரம் பக்கம் இது இன்னும் விபரீதம். இலங்கையோடு 1974, 1976-ல் போட்ட ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. பழுதான படகு ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டால், ஜெயில், கோர்ட், படகு பறிமுதல் என்று பெரிய கதையாகிவிடலாம்.

அதனால்தான் கடன் வாங்கிப் படகு இறக்குகிறவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்: ஒரு என்ஜினா, இரண்டா? சின்ன வயசில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு கேட்போமே, அதே 'ஒத்தையா, ரெட்டையா'தான். தோற்றால் போவது புளியங்கொட்டை மட்டுமல்ல என்பதுதான் வித்தியாசம்!

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் பெருகிய ஃபைபர் படகுகளில், 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு என்ஜினை நிறையப் பார்க்கலாம். எடை சுமார் 40 கிலோ. அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில் மாட்டுவது. இதை வைத்தே ஒரு பட்டிமன்றம் நடத்திப் பார்ப்போமா?

'ரெட்டை' அணி எழுந்ததும் கைதட்டல் வாங்கிவிடும். "ஒண்ணு படுத்தா இன்னொண்ணு கரை சேர்க்கும்யா! உயிரைவிட டீசல் பெருசா?" நியாயம்தான். தூரக் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலைப் பார்த்த குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'ஒத்தை' அணி கணக்கு நோட்டோடு வரும். "வாங்குறது ரெண்டு, ஆயில் ரெண்டு, சர்வீஸ் ரெண்டு. மீன் மட்டும் ரெண்டு மடங்கா வருமா?" தவிர, பின்னால் இன்னொரு 40 கிலோ ஏறினால் அமரம் அமுங்கும், முன்பக்க அணியம் தூக்கும். வலை சுற்றிக்கொள்ள ஒன்றுக்கு இரண்டு புரொப்பெல்லர் வேறு.

சரி, ரெட்டை என்ஜின் என்றால் ரெட்டை வேகமா? அதுவும் இல்லை. வலை, ஐஸ், மீன் என்று கனத்த படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகும். 28 அடிப் படகென்றால் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டும்போதே திணறும். அதற்குமேல் கொடுக்கிற சக்தியில் பெரும்பகுதி அலை எழுப்பத்தான் போகும். மடி இழுக்கும் விசைப்படகுகளில் பெரும்பாலும் ஒரே என்ஜின், ஒரே பெரிய புரொப்பெல்லர் இருப்பதும் சும்மா இல்லை. மெதுவாகச் சுற்றும் பெரிய இலைக்குத்தான் இழுவை அதிகம். கேரளாவில் மத்தி, அயிலைக் கூட்டத்தைத் துரத்தும் ரிங் சீன் வள்ளங்களில் இரண்டு, மூன்று அவுட்போர்டு மாட்டுகிறார்களென்றால், அங்கே வேகம்தான் பிழைப்பு.

இனி தீர்ப்பு. அதற்கு முன், இரண்டு அணியும் கேட்க மறந்த ஒரு கேள்வி: டேங்க் எத்தனை?

நடுக்கடலில் என்ஜின் நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது எரிபொருள்தான். தண்ணீர் கலந்திருக்கும், அழுக்கு அடைத்திருக்கும். பழைய சினிமாக் காதலர்கள் ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடிப்பார்களே, அப்படி இரண்டு என்ஜினும் ஒரே கேனில் குடித்தால், கெட்ட எண்ணெய் இரண்டையும் சேர்த்தே படுக்க வைக்கும். அது ரெட்டை என்ஜின் அல்ல. ரெட்டைச் செலவில் ஒத்தை என்ஜின்!

ஆகவே, விடியலில் போய் மத்தியானம் திரும்புகிறவர்களுக்கு நன்றாகப் பராமரித்த ஒரு என்ஜின் போதும். ஒரு சின்ன ஸ்பேர் இருந்தால் உத்தமம். ராத்தங்கிப் பிடிக்கிறவர்கள் இரண்டாகவே போடலாம். ஆனால் டேங்க், ஃபில்டர் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். ஒன்றை அணைத்துவிட்டு, நிறைந்த பாரத்தோடு எதிர்காற்றில் மற்றது இழுக்கிறதா என்று கரையோரமாகவே பார்த்துவிடுங்கள். ஸ்பேரை வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். கோணி போட்டு மூடியே வைத்திருந்தால், ஆபத்து நேரத்தில் அதுவும் நம்மைப் பார்த்து முழிக்கும்.

எது போட்டாலும் நீளமான கயிறோடு ஒரு நல்ல நங்கூரம் மறக்க வேண்டாம். எண்ணெயே குடிக்காமல் படகை நகரவிடாமல் பிடித்துவைக்கிற ஆசாமி அது ஒன்றுதான்!