"மூணாவது வருஷம் பாத்துக்கலாம்!" கோட்டை விடும் கல்லூரி மாணவர்கள்

சென்னை:-

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்க ஒரு பகுதி உண்டு. அங்கே எப்போது போனாலும் இளைஞர் கூட்டம்தான்.

தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா, மேஜை மேல் குரூப்-2, குரூப்-4, பேங்க் பரீட்சை புத்தகங்கள்.

இவர்களில் பட்டதாரிகள் ஏராளம். மூன்று வருஷம் கல்லூரியில் படித்துவிட்டு, அதற்குப் பிறகு வேலைக்காக முதலிலிருந்து படிப்பவர்கள்.

"இப்ப என்ன அவசரம்? மூணாவது வருஷம் பாத்துக்கலாம்!" – கல்லூரி கேண்டீன்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

ஆனால் மூன்றாவது வருஷம் கண் விழித்துப் பார்க்கும்போது சில கதவுகள் சாத்தியிருக்கும். அந்தக் கதவுகளைச் சாத்துவது வேறு யாருமல்ல. முதல் வருஷம் யோசிக்காமல் போட்ட கையெழுத்துதான்!

தமிழ் வழியா, இங்கிலீஷ் மீடியமா?

பிளஸ் 2 வரை தமிழில் படித்த பையன் கல்லூரியில் சேருகிறான். அதே பாடம் தமிழ் வழியிலும் இருக்கிறது, ஆங்கில வழியிலும் இருக்கிறது. "இங்கிலீஷ் மீடியம்னா கெத்து" என்று நண்பன் சொல்ல, அதிலேயே சேர்ந்துவிடுகிறான்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 20 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் அது திருத்தப்பட்டது. பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் வேலை என்றால், பள்ளியிலிருந்து பட்டம் வரை எல்லாமே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும்.

12 வருஷம் சேர்த்த தகுதி ஒரே கையெழுத்தில் போச்சு!

தனியார் கம்பெனிதான் குறி என்றால் ஆங்கில வழி கைகொடுக்கும். அதில் தப்பே இல்லை. எதை விட்டு எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மார்க்குக்காக மொழி மாறினால்...

நகரத்துப் பிள்ளைகள் சிலர் "மார்க் அள்ளலாம்" என்று மொழிப் பாடமாக பிரெஞ்சு, இந்தி, சமஸ்கிருதம் எடுக்கிறார்கள். தமிழை மறந்தே போகிறார்கள்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ் மொழித் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கும் அரசாணை 2021 டிசம்பரில் வந்தது. 40 சதவீத மார்க் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்!

தரம் என்னவோ 10-ம் வகுப்புத் தமிழ்தான். ஆனால் தொட்டே பல வருஷம் ஆனவர்களுக்கு அதுவே மலை.

பட்டத்தின் பெயரைப் பார்!

இப்போது புதுப் புதுப் பெயர்களில் பட்டங்கள் வருகின்றன. கேட்க ஜோராக இருக்கும். வேலை விளம்பரத்தில் கேட்ட பட்டத்துக்கு அது "இணையானது" என்று அரசாணை இருந்தால்தான் செல்லும். "இணையானது அல்ல" என்று வந்த அரசாணைகளும் உண்டு.

சேருவதற்கு முன்பே கேட்டால் ஒரு நாள் அலைச்சல். பட்டம் வாங்கிய பிறகு தெரிந்தால் மூன்று வருஷம் வீண்.

அரியர் என்ற பூதம்

"ஒரே ஒரு பேப்பர்தான், அடுத்த செமஸ்டர்ல தூக்கிடலாம்" என்று இருப்பவர்களும் உஷாராக வேண்டும். வேலை விளம்பரங்களில் ஒரு தேதி குறித்திருப்பார்கள். அதற்குள் பட்டம் தேறியிருக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளி ரிசல்ட் வந்தாலும், அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மார்க் விஷயமும் அப்படியே. சி.ஏ. படிப்பில் முதல் பரீட்சை எழுதாமல் நேராக அடுத்த நிலைக்குப் போக, பி.காம். பட்டதாரிக்கு 55 சதவீதமும், மற்றப் பட்டதாரிகளுக்கு 60 சதவீதமும் வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் ஆவதற்கான நெட் தேர்வு எழுத எம்.ஏ., எம்.எஸ்சி.யில் பொதுப் பிரிவினருக்கு 55 சதவீதம் தேவை. "பாஸானா போதும்" என்று படித்தவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

வயது நிற்காது

பொதுப் பிரிவினருக்கு ஐ.ஏ.எஸ். தேர்வு 32 வயது வரை, ஆறு முறைதான். ஐ.பி.பி.எஸ். நடத்தும் பேங்க் கிளார்க் தேர்வு 28 வயது வரை, அதிகாரி தேர்வு 30 வயது வரை. மற்றப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. ஆனால் சலுகைக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வைக் கடைசி வருஷ மாணவர்களே எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

என்ன செய்யலாம்?

முதல் வருஷம்: பயிற்று மொழி, மொழிப் பாடம், பட்டத்தின் பெயர் மூன்றையும் சரிபார்க்க வேண்டும். அரியர் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வருஷம்: அரசு வேலையா, பேங்க்கா, மேல்படிப்பா, கம்பெனியா என்று ஒரு பாதை, அது தவறினால் போக இன்னொரு பாதை. இரண்டு போதும். நாலு குதிரையில் ஏறினால் நாலிலும் விழ வேண்டும். 2022-ல் அரசு தொடங்கிய "நான் முதல்வன்" திறன் வகுப்புகளை வருகைப் பதிவுக்காக மட்டும் உட்காராமல் உருப்படியாகப் படிக்கலாம்.

மூன்றாம் வருஷம்: விண்ணப்பத் தேதிகள், சான்றிதழ்கள். பட்டம் வந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. இப்போது ஆன்லைனிலேயே பதியலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் பதிவு மூப்பு போய்விடும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பும் நடக்கிறது. ஆயிரக்கணக்கில் கொட்டிக் கோச்சிங் போகுமுன் அங்கே ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. ஆட்டோ ஓட்டியும் இட்லிக் கடை வைத்தும் படிக்க வைக்கும் பெற்றோர் மூன்று வருஷத்துக்குத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். நாலாவது வருஷமும் அஞ்சாவது வருஷமும் அந்தக் கணக்கில் கிடையாது.

கூச்சப்படாமல் துறைத் தலைவரிடமோ, ஆபீஸிலோ, சீனியரிடமோ கேட்பதற்குக் காசு செலவில்லை. கேட்க வேண்டிய நேரம் முதல் வருஷம்!